தானாகப் பதத்துக்கு வந்த மாவு

வேலைக்குப் போன முதல் தீபாவளிக்கு நான் வாங்கிய ஓவன், பல மாதங்களாக எங்கள் வீட்டில் அப்பளப் பெட்டியாக இருந்தது. கண்ணாடிக் கதவு என்பதால் எத்தனை அப்பளம் மிச்சம் என்று திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம், இந்த மாதிரி டப்பா எங்கேயும் கிடைக்காது என்று அம்மா முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கதிர்காமத்தில் வாக்கப்பட்டிருக்கும் அக்கா, பிள்ளைக்குக் கேக் செய்து தர அந்த ஓவனைக் கேட்டாள். அம்மா என்னிடம் வந்தாள்.

"ஞாயித்துக்கெழம மாப்ள வராரு. அன்னிக்கு அதுல வாய்ல வைக்கிற மாதிரி ஏதாவது ஒன்னு செஞ்சி காட்டு. இல்லன்னா அவ தூக்கினு போவட்டும். சும்மா கெடக்கற பொருள்தானே?"

சும்மா கிடக்கிற பொருள் என்ற வார்த்தை என்னைத் தைத்தது. எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்குவார்கள். நானோ ராத்திரியெல்லாம் போனில் ஒப்பிட்டு, ஊர்பேர் தெரியாதவர்களின் கருத்துகளைப் படித்து, அலசி ஆராய்ந்து வாங்கினேன். அது அப்பள வாசனையோடு கதிர்காமம் போய்ச் சேர்ந்தால் என் படிப்பே வீண் என்று ஆகிவிடும் என நான் உண்மையாகவே நம்பினேன்.

பழம் போட்ட ஸ்கோன் செய்வது என்று முடிவெடுத்தேன். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு பண்டம். ஓர் இங்கிலாந்து அம்மாள் வீடியோவில் சிரித்துக்கொண்டே செய்தார். நான் நோட்ஸ் எடுத்துக்கொண்டேன்.

அப்பா நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நானும் எத்தினி வெள்ளக்காரன ஏத்திகினு போறேன். எல்லாம் வறுத்த வேர்க்கடலதான் திங்கிறானுங்க. இத ஒருத்தன்கூட கேட்டதில்லியே" என்றார்.

"அவங்க பிரெஞ்சுக்காரங்களா இருப்பாங்கப்பா. இது இங்கிலீஷ்காரங்க சாப்புடுறது."

"அப்போ நம்ம ஊர்ல எதுக்குடா செய்யற?"

நான் நோட்ஸைப் புரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓவனிலிருந்து அப்பளத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆரம்பித்தேன். வெண்ணெய் சில்லென்று இருக்க வேண்டும் என்றார் அந்த அம்மாள். எங்கள் சமையலறையில் வெண்ணெய், பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் உருகியது. ஃபேனைப் போட்டேன். மைதா பறந்தது. ஃபேனை நிறுத்தினேன். வியர்வை சொட்டியது. ஒருவழியாக எல்லாவற்றையும் விரல் நுனியால் உதிர்த்து, பாலை ஊற்றிப் பட்டும் படாமலும் சேர்த்தேன். கட்டி கட்டியாக, இடிந்த சுவர் மாதிரி கிடந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும், பிசையவே கூடாது என்பதுதான் வீடியோவின் முக்கியப் பாடம்.

அப்போதுதான் பழ ஸ்கோனில் பழத்தை மறந்தது தெரிந்தது. வீட்டில் இருந்த காய்ந்த திராட்சை முழுவதும் மாப்பிள்ளைக்கான பாயாசத்தில் மிதந்துகொண்டிருந்தது. கடைக்கு ஓடினேன். "பாயாசத்துக்கா தம்பி?" என்றார் கடைக்காரர். "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் ஸ்கோன் என்றால் என்ன என்று விளக்கினேன். பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் சேர்த்தே விளக்கினேன்.

திரும்பி வந்து பார்த்தால், ஈரத்துணி போர்த்திய பாத்திரத்தில் மாவு வழவழவென்று உருண்டு, மினுமினுத்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியாம்மா? நாம கஷ்டப்பட்டுப் பிசையவே வேணாம். ரெஸ்ட் குடுத்தா மாவு தானாவே பதத்துக்கு வரும். உள்ள ஒரு ரசாயன மாற்றம் நடக்குது. இதான் சயின்ஸ்."

அம்மா என்னையே பார்த்தாள். "அப்படியா?" என்றாள். ஈரத்துணியை யார் போர்த்தியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திராட்சையை அமுக்கினால் பிதுங்கி வெளியே வந்தது. விடாமல் திணித்தேன். ஸ்கேல் வைத்துக் கனம் பார்த்து, டம்ளரால் வட்டம் வெட்டி, உள்ளே தள்ளினேன். ஓவனுக்கும் டிவிக்கும் ஒரே பிளக் பாயிண்ட் என்பதால் அப்பா கிரிக்கெட்டை விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக ஸ்கோனைப் பார்த்தார். "ஒன்னும் எழும்பலியேடா" என்று அடிக்கடி நிலவரம் சொன்னார்.

தட்டில் வைத்ததும் மாமா முதலில் எடுத்தார். மாப்பிள்ளை என்பதால் அவர் எதையும் குறை சொல்ல முடியாது. கடித்தார். மறுபக்கம் திருப்பிக் கடித்தார். "நல்லா... ஸ்ட்ராங்கா இருக்கு மச்சான்" என்றார், தாடையைப் பிடித்துக்கொண்டு.

அப்பா ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். "படகுக்கு நங்கூரம் போடலாம்."

அக்கா எழுந்து ஓவனின் பிளக்கைப் பிடுங்கினாள். "அப்பளத்தோட தரியா, அப்பளம் இல்லாம தரியா?"

அம்மா குறுக்கே வந்தாள். "இருடி. அவன் மேல தப்பு இல்ல. மாப்ள வர வீட்டுல இப்படி அரைகுறையா கெடக்குதேன்னு நான்தான் எண்ணெ உட்டு, பூரிக்குப் பிசையற மாதிரி நல்லா அடிச்சிப் பிசைஞ்சி வெச்சேன். அவன் தானா வந்துச்சின்னு அவ்ளோ சந்தோசமா சொன்னான். எப்படிச் சொல்றது?"

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்தாள். "அப்போ அந்த சயின்ஸு அம்மாவாடா?"

தலை நிமிராமல் ஒரு ஸ்கோனைக் கடித்தேன். கடிபடவில்லை.

கெடுத்தது தான்தான் என்பதால் இந்தப் பரீட்சை செல்லாது என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். மறு ஞாயிறு எல்லோரும் மறுபடி கூடினார்கள். அம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள். இந்த முறை ஸ்கோன் எழும்பியது. வீடியோவில் வந்த மாதிரியே லேசாக, பொலபொலவென்று இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அப்பா அதை டீயில் நனைத்தார். அது டீயோடே கரைந்துபோனது. வெறும் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன வாரம் செஞ்சியே அந்தக் கல்லு, அது டீக்கு நல்லா நின்னுச்சி. படகுக்கு எடுத்துனு போனேன், பசங்க கேட்டுக் கேட்டுத் தின்னானுங்க. அத செய்யறதுன்னா அடுப்பு இங்கியே கெடக்கட்டும்."

பிடுங்கத் தயாராகப் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, அதை விட்டாள்.

ஓவன் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வாரநாளில் அப்பளம், ஞாயிற்றுக்கிழமை கல்லு. மாவை அம்மா பிசைகிறாள். எனக்குத் திராட்சை வாங்கி வரும் வேலை. கடையில் பாயாசத்துக்கா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.