தேவராஜின் கை அறிந்தது

தேவராஜ் போய்விட்டான் என்று அவன் சம்சாரம் மேரி செவ்வாய்க்கிழமை காலை போன் செய்தாள். "அண்ணா, உங்க ஃபிரண்டு போயிட்டாரு" என்றாள். ஃபிரண்டு என்ற வார்த்தைக்கு நான் தகுந்தவனில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் அவனோடு லோடு ஏற்றியவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

சுனாமிக்கு மறு வருஷம், கம்பி ஏற்றும்போது லாரியிலிருந்து மல்லாக்க விழுந்தான். பின்மண்டையில் அடி. கண்ணில் ஒரு கீறல் இல்லை. ஆனால் "ஒண்ணுமே தெரியலடா" என்றான். வைத்தியம் முடிந்தும் அதையேதான் சொன்னான். ஆலையில் அவனை வாசல் கேட் பக்கத்தில் சும்மா உட்காரவைத்தார்கள்.

ஒரு நாள் டீ நேரத்தில், பேசாமல் டம்ளரை அவன் முன்னால் நீட்டினேன். கை நேராக வந்து பிடித்தது. மறுநாள் பற்றவைக்காத பீடியை நீட்டினேன். டம்ளருக்கு அகலமாக விரிந்த கை, பீடிக்கு இரண்டு விரலாகக் குறுகி வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"நைனா, நீ சினிமாவுக்குப் போயிருக்கணும்!"

அவன் முகம் சுண்டிவிட்டது. "சத்தியமா தெரியலடா. கை போச்சு, நான் பாக்கல."

அவனுக்கு நெசமாகவே கண் போய்விட்டதா என்று ஆலையில் வைத்த விசாரணையில் ஆபீசர் என்னைக் கேட்டார். டம்ளரையும் பீடியையும் சொன்னேன். படித்துக் காட்டிய தாளில் ரேகை வைத்தேன். நடிக்கிறான் என்று அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கண்ணால் கண்டதைத்தானே சொன்னேன் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

நாலு மாதம் கழித்து மேரி என் வீட்டுக்கே வந்தாள். சென்னையில் மூளை டாக்டரிடம் காட்டினாளாம். அவர் ஒரு கோலைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பிடித்து, "தெரியலன்னாலும் சும்மா சொல்லு" என்றாராம். இவன் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் பெரும்பாலும் சரியாக இருந்ததாம். "கண்ணு பாக்கறத மூளை கைக்குச் சொல்லுதாம், அவருக்குச் சொல்ல மாட்டேங்குதாம். அவரு பொய் சொல்லலண்ணா" என்றாள்.

பொன்னேரி பக்கம் ஆரணியில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் கிட்டே போனேன். காலை மடக்கி எனக்கு வழி விட்டான். விட்ட பிறகு, "யாரோ வந்தாப்ல இருக்குதே, யாரது?" என்றான்.

பெயரைச் சொன்னேன். என் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

"நீ பாத்ததும் நெசம்டா. நான் பாக்காததும் நெசம். உனுக்கு ஒண்ணு போதும்னு இருந்துச்சு."

ஆபீசில் போய் மாற்றிச் சொல்கிறேன் என்றேன். "சொல்லு" என்றான். என் வேலைக்கு வேட்டு வந்துவிடுமோ என்று பயந்து நான் போகவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

அவன் சொன்ன அந்த இரண்டு நெசமும் என்னிடம் இருக்கிறது. ஒன்றைக் கேட்டு அவனை வெளியே அனுப்பினார்கள். மற்றதை, அவனை மண்ணில் வைத்துவிட்டு வந்து, உங்களிடம் சொல்கிறேன்.