செல்வி அக்காவின் வீட்டுக்காரர்

இன்று மாநகராட்சியில் என் மனைவி செல்விக்குச் சிறந்த பணியாளர் விருது. தெருக்களுக்குக் குடிநீர் திறந்துவிடுவது அவள் வேலை.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் போனை நீட்டினார்.

"நம்ம தெருவுக்குத் தண்ணி தொறந்து விடுற செல்வி அக்காவுக்கு விருதாம்ங்க!"

"பின்ன? தண்ணி வரப்போவுதுன்னு போன் பண்ணிச் சொல்லுற ஒரே ஆளு அவங்கதானே!"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அது எங்க வீட்டம்மாதாங்க" என்றேன்.

"கொடுத்து வச்சவருங்க நீங்க! ஒங்க வீட்டுல தண்ணிக்குக் கொறையே இருக்காது!"

பெருமையாகச் சிரித்துக்கொண்டே, மச்சான் வீட்டில் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலிக் கேனைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். எங்கள் தெரு அவள் பொறுப்பில் இல்லை.

எங்கள் தெருவுக்குத் திறந்துவிடும் அண்ணே, இதைப் படித்தால் கமெண்ட்டில் வாருங்கள். அடுத்த விருதுக்கு உங்கள் பெயரை நானே சொல்கிறேன்.