சொன்ன பழுது சொன்னபடி

பல்லு என்று அவரை எல்லோரும் அழைப்பதற்கும் அவருடைய பற்களுக்கும் தொடர்பில்லை. அவை சுமார் ரகம். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி, முகம்தான் தெரியாது. கடைத்தெருவில் யாராவது சிரித்தால், இந்தக் கீழ்வரிசை நம்மைப் பாடாய்ப் படுத்தியதே என்று நின்றுவிடுவார். சிரித்தவரைப் பார்த்துப் பதிலுக்குச் சிரிக்க மறந்துபோகும்.

நாள் முழுக்கப் பொய்யானதைச் செய்கிறவர் என்பதாலோ என்னவோ, அவர் வாயில் பொய் வராது. புதுச் சட்டை எப்படியிருக்கிறது என்று மனைவியின் தம்பி ஒருமுறை அவரிடம் கேட்டான். அந்தச் சட்டை இப்போது ஜன்னல் துடைக்கிறது.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்கு 'பின்பால்' என்கிற விளையாட்டு மெஷின் வந்தது விரல் தவறியதால். மூடப்பட்ட பொய்ப்பல் கூடம் ஒன்றின் சூளை இணைய ஏலத்துக்கு வந்திருந்தது. பீங்கான் பல்லை வேகவைக்கும் சின்னச் சூளை. போனில் ஏலப் பொருட்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் இருந்தன. பல்லு கண்ணாடியை மறந்துவிட்டு அடுத்ததை அழுத்தினார். அதற்கு வேறு யாரும் விலை கேட்கவில்லை. போட்டியே இல்லாமல் வென்றார்.

லாரியில் வந்து இறங்கியது இடுப்பளவு உயரத்தில் நாலு கால், கண்ணாடி போட்ட சாய்வு மேசை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஒன்று மேலே ஓடி, விளக்குகளிலும் மணியிலும் முட்டி மோதிக் கீழே உருண்டு வரும். அடியில் இரண்டு துடுப்புகள். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அவை குண்டை மறுபடி மேலே அடிக்கும். தவறினால் குண்டு பள்ளத்தில் விழும். விழுவது நிச்சயம், எவ்வளவு தள்ளிப்போட முடிகிறது என்பதுதான் ஆட்டம். மேசையின் தலைமாட்டில் நின்ற கண்ணாடிப் பலகையில் எட்டுக் கையிலும் எட்டு வாட்ச் கட்டிய ஆக்டோபஸ் ஒன்றின் படம். எந்த வாட்சும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுல பல்லு வேகுமா?"

"வேகாது."

"அப்ப எதுக்கு?"

"தெரியல. வந்துருச்சு."

திருப்பி அனுப்ப வழியில்லாததால் பழுது பார்த்தார். பழுது பார்த்ததால் ஆடிப் பார்த்தார். ஆடிப் பார்த்ததால் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய மேல்வரிசை ஒன்று மறுநாளைக்குப் போனது. அதன் பிறகு ஏலத்தில் ஓடாத மெஷினாகப் பார்த்து வாங்குவது, ஓட வைப்பது, அதே தளத்தில் விற்பது என்று ஒரு பக்கத் தொழில் கிளை விட்டது. அறைகலன் கடை ஒன்றில் பீரோ தூக்கும் மைத்துனன் வந்து தூக்கிக் கொடுப்பான். கீழ்த்தள அறைக்கு மெஷின்கள் வந்தன, போயின. ஆக்டோபஸ் மட்டும் போகவில்லை. அதை விற்கப் படம் எடுக்கும்போதெல்லாம் வெளிச்சம் சரியில்லை என்று பல்லு விட்டுவிடுவார். வெளிச்சம் உண்மையாகவே சரியில்லைதான். அந்த அறையில் எப்போதுமே சரியில்லை.

மனைவிக்கு மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை. கரண்ட் போய்க் கொதிக்கிறவர்களிடம் "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று வருடக்கணக்கில் சொன்னதில், குரலை உயர்த்தாமல் காரியத்தை முடிக்கும் பழக்கம் படிந்திருந்தது. அவர் முழங்காலைப் பார்த்த டாக்டர் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்று, அதே குரலில் சொன்னார்.

"ஆபரேஷனுக்கப்புறம் மாடி ஏறக் கூடாதாம். கீழ் ரூம்ல எனக்கு ஒரு கட்டில் போடணும்."

"போட்டுரலாம்."

"அங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே, எட்டு வாட்ச் கட்டிக்கிட்டு."

மாடிக்கு ஏற்றிவிடலாமா என்று மைத்துனன் படிக்கட்டை அளந்து பார்த்தான். "திரும்புற இடத்துல மாட்டிக்கும் மாமா. அப்புறம் நீங்க மேல, அக்கா கீழ, நடுவுல ஆக்டோபஸ். சாப்பாட்டைக் கயித்துல கட்டித்தான் அனுப்பணும்."

ஆக, விற்க வேண்டியதுதான். அதில் பல்லுவுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மனைவிக்கு அந்த அறை வேண்டும், கட்டாயம் வேண்டும். அதே சமயம் ஆக்டோபஸை யாரும் வாங்கக் கூடாது என்பதிலும் பல்லுவுக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏலத்துக்கான வருணனையை எழுத உட்கார்ந்தார்.

அந்தத் தளத்தில் வருணனைக்கு ஒரு நடை உண்டு. 'நல்ல நிலையில் உள்ளது' என்றால் ஓடாது. 'சிறு வேலை பாக்கி' என்றால் உள்ளே எலி குடியிருக்கிறது. பல்லு உள்ளதை உள்ளபடி எழுதினார், ஒன்று விடாமல். காலையில் இடது துடுப்பு மேலே போனால் கீழே வரச் சற்று யோசிக்கும். பக்கத்து அறையில் யாராவது தும்மினால், தன்னை யாரோ ஆட்டிவிட்டதாக எண்ணி ஆட்டத்தை நிறுத்திவிடும். மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல், எல்லோரும் மறந்தபின் அடிக்கும். சூடானால் நனைந்த பிஸ்கட் வாசனை வரும். ஆக்டோபஸின் ஒரு கண் விளக்கு விட்டு விட்டு எரிவதால் கண்ணடிப்பதுபோல் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சங்கடம்.

இதைப் படித்துவிட்டு எவன் வாங்குவான் என்று நிம்மதியாகத் தூங்கினார். உண்மையைச் சொல்லி ஒருவர் செய்யக்கூடிய அதிகபட்ச மோசடி அது.

விடிந்தபோது விலை ஏறியிருந்தது. எல்லோரும் புளுகும் சந்தையில் ஒருவர் மட்டும் இத்தனை குறை சொன்னால் எதையோ மறைக்கிறார் என்றுதான் அர்த்தம், குறையை இப்படிக் கொட்டுகிறவர் மறைப்பது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கேள்விகள் வரத் தொடங்கின. காலை முக்காலியில் நீட்டியபடி மனைவி வாசித்தார். புகார் கேட்பது அவருக்குப் புதிதில்லை. பழுது போதுமா என்று கேட்கிற புகார்தான் புதிது.

"'தும்மினா மட்டும்தானா, இருமினாலும் நிக்குமா'ன்னு கேக்கறாங்க."

"இருமினா நிக்காது."

"நிச்சயமா?"

"உனக்கு வறட்டு இருமல் வந்தப்போ பாத்தேன்."

"ஓகோ. நான் இருமிக்கிட்டிருந்தப்போ நீங்க அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க."

மனைவி 'இருமினால் நிற்காது, வீட்டில் சோதித்தது' என்று தட்டி அனுப்பினார். விலை இன்னும் ஏறியது.

கடைசியில் வென்றவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் பரிசோதகர். வேலையில் இருந்த காலமெல்லாம் எதிலும் பழுது இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். இப்போது பழுதான பொருட்களாகத்தான் சேர்க்கிறார். ஒரே நிபந்தனை, பழுது நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் பல்லு மெஷினைத் திறந்து, ஊருக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல உள்ளேயெல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். துடுப்பின் கீழே அடைந்து கிடந்த பழைய கிரீஸையும் வழித்து எடுத்தார். வேறொன்றும் நினைத்துச் செய்யவில்லை.

பரிசோதகர் காலையிலேயே வந்துவிட்டார், மெஷின் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டுமாம். போனில் வருணனையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கண்ணடித்தது. பிஸ்கட் வாசனையைச் சூடானபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். தும்மலுக்காக மைத்துனனைப் பக்கத்து அறையில் நிறுத்தி, மூக்கில் விடக் கைக்குட்டை முனையைத் திரித்துக் கொடுத்தார்கள். அவன் தும்மினான். மெஷின் நின்றது.

"இன்னொரு தடவை, தம்பி," என்றார் பரிசோதகர்.

"சார், நான் பீரோ தூக்கறவன். இதுக்கெல்லாம் வேற ஆளைப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே அவன் தானாகவே தும்மினான். மறுபடி நின்றது. பரிசோதகர் முகம் மலர்ந்தது.

இடது துடுப்பை அழுத்தினார். மேலே போனது, உடனே வந்தது. மறுபடி அழுத்தினார். யோசிக்கவில்லை. மின்னல்போல் போய் வந்தது.

"இது வேலை செய்யுதே," என்றார், செத்த எலியைக் காட்டுவதுபோல.

"நல்லாத்தானே சார் இருக்கு?" என்றான் மைத்துனன்.

"அதாம்பா பிரச்சினை. இவர் எழுதினதை நம்பி வந்தேன்." பல்லுவைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. சொன்ன பொருள் இது இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். அதுக்குள்ள பழைய நிலைமைக்கு வந்துச்சுன்னா எடுத்துக்கறேன். இல்லைன்னா விட்டுருவோம்."

பொய்யர் என்று முதல்முறையாக ஒருவர் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பல்லுவுக்கு வலித்திருக்க வேண்டும். வலித்ததுதான். ஆனாலும் அன்று மாலை வரை உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. விற்கவும் முயன்றாயிற்று, ஆக்டோபஸும் இருக்கிறது, தன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இனி ஒரு வாரம் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பது பொய்யில் சேராது.

சாயங்காலம் மனைவி தலையணை எடுக்க மாடிக்குக் கிளம்பினார். நான் எடுத்து வருகிறேன் என்று பல்லு எழுந்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, திருப்பம் வரை ஏறினார். அங்கே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"இந்த இடம் பரவாயில்ல," என்றார். "ஆபரேஷன் முடிஞ்சதும் இங்கயே இருந்துக்கறேன். சாப்பாட்டைக் கயித்துல கட்டி அனுப்புங்க."

பல்லு கீழ்ப்படியில் நின்று அந்த முழங்காலைப் பார்த்தார். பல்லைத் தவிர மனித உடம்பில் வேறெதையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு மேலே போய், தலையணையையும் மனைவியையும் இறக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் வேலை மேசையிலிருந்து மெழுகு டப்பாவையும் சின்னக் கத்தியையும் எடுத்துக்கொண்டு கீழறைக்குள் போனார்.

கெட்டதை நன்றாக்குவதைவிட, நன்றாக இருப்பதை நம்பும்படியாகக் கெடுப்பது கஷ்டம் என்பது பொய்ப்பல் செய்கிறவர்களுக்குத் தெரியும். முன்பல்லைப் பிசிறில்லாமல் நேராக வைத்தால் பார்த்த மாத்திரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். மயிரிழை சாய்த்து, ஈறோரம் துளி தேநீர்க் கறை ஏற்றினால்தான் அது பிறவிப் பல்லாகும். பல்லு துடுப்பின் அச்சில், பழைய கிரீஸ் இருந்த இடத்தில், மெழுகைத் தடவினார். மனைவி நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினார். இத்தனை வருடத்தில் அவர் அதைத் தொட்டது அதுவே முதல் தடவை.

"மேலயே நிக்குது. இது யோசிக்கல, செத்துப்போச்சு."

பல்லு கொஞ்சம் வழித்தார்.

"இப்ப நடிக்குது."

"நடிக்குதுன்னா?"

"புகார் சொல்றவங்க குரல்லயே தெரியும்ல, நெசமா கரண்ட் போச்சா, பில்லு கட்டலையான்னு. அந்த மாதிரி."

மூன்று நாள் சாயங்காலமும் இதே வேலை. பழுது பதமாக வந்ததா என்று பார்க்க மனைவி ஆடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மூன்றாவது நாள் மெஷின் திடீரென்று எல்லா விளக்கையும் போட்டுக் கூத்தடித்தது. பல்லு தன் வாழ்நாளில் எட்டாத எண்ணிக்கை பலகையில் நின்றது. அவர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மெழுகு டப்பாவை மூடினார்.

"நின்னு நின்னு வருது," என்றார் மனைவி. "இதுதான். இனிமே தொடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பரிசோதகர் துடுப்பை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். துடுப்பு மேலே போய், ஒரு பெருமூச்சளவு நின்று, மனசில்லாமல் இறங்கியது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர்போல.

"இது ஊறின பழுது," என்றார் கண்ணைத் திறந்து. "செஞ்சு வெச்சா இந்த மாதிரி வராது."

பல்லு வாயைத் திறந்தார். உண்மை தொண்டை வரை வந்துவிட்டது.

"ஏங்க," என்றார் மனைவி நாற்காலியிலிருந்து, "சாருக்குத் தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்தபோது மைத்துனனும் அவன் கூட்டாளியும் மெஷினின் கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலைத் தாண்டும்போது ஆக்டோபஸை அட்டை போட்டு மூடியிருந்ததால் கண்ணடிக்க முடியவில்லை. பல்லு தண்ணீரைத் தானே குடித்தார்.

அறைக்குக் கட்டில் வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து மனைவி அதில் வந்து படுத்தார். ஏலத் தளத்தில் பரிசோதகர், 'பழுதுகள் அனைத்தும் சொன்னபடியே சிறப்பாக உள்ளன, நேர்மையான விற்பனையாளர்' என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். நேர்மை என்ற சொல்லால் பல்லு ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் கிடந்தார்.

மனைவி கோலைப் பிடித்து அறைக்குள் நடக்கத் தொடங்கிய சமயத்தில் போன் வந்தது.

"சார், இடது துடுப்பு குணமாயிருச்சு," என்றார் பரிசோதகர். குரல் கம்மியிருந்தது. "விருந்தாளிங்க வந்திருக்காங்க. காட்ட முடியல. கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?"

பல்லு போனார். பழுதைச் சரிசெய்தார், அதாவது சரியானதைப் பழுதாக்கினார். அது நிலைத்து நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளச் சாயங்காலம் வரை ஆடிப் பார்க்க வேண்டியிருந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்த வயதுக்குப் பொருந்தாத ஒரு சிவப்பு முகத்தில் ஏறியிருக்க, வீடு திரும்பினார். அடுத்த மாதமும் போன் வந்தது. அதற்கடுத்த மாதமும்.

நாலாவது தடவை அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மெழுகு சூட்டுல இளகுமா?"

"இளகும்."

"துடுப்பு சூடாகுமா?"

"ஆடினா ஆகும்."

"இளகாத மெழுகு உங்ககிட்ட இல்லையா?"

பல்லு பொத்தானைப் போடுவதில் கவனமாக இருந்தார். ஆனாலும் கேள்வி கேட்டாயிற்று. பொய் வராது.

"இருக்கு," என்றார்.

மனைவி காலை இன்னொரு முறை மடக்கி நீட்டினார். பிறகு மேசையின் மேல் இருந்த மெழுகு டப்பாவைக் கோல் நுனியால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"சரி, கிளம்புங்க. அவசரப்படாம நல்லாக் கெடுத்துட்டு வாங்க."