ஓர் ஆட்டமும் விடாதவர்கள்

எங்கள் வீட்டு முன்புறப் புல்வெளியில் என் மகனின் பெயரும் அவன் சட்டை எண்ணும் எழுதிய பலகை ஒன்று நிற்கிறது. நாங்கள் நடவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் வேலையிலிருந்து திரும்பியபோது இருந்தது. ஊரில் வீட்டு வாசலில் ஒருவர் பெயரோடு பேனர் முளைத்தால் கல்யாணம், இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. என் மனைவி ஷமீமா பதறிப்போய் எனக்கு மூன்று முறை போன் செய்திருந்தாள். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் தாய்மார்கள் ஒவ்வோர் ஆட்டக்காரன் வீட்டிலும் இப்படி நட்டுவிட்டுப் போவார்களாம். டெக்சாஸில் அப்படித்தான். காருக்குப் பெட்ரோல் போடப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர், "வெள்ளிக்கிழமைக்கு ரெடியா?" என்று கேட்டார். ஜும்ஆ தொழுகையைக் கேட்கிறார் என்று நினைத்து, "இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். இங்கே பள்ளி ஆட்டங்கள் வெள்ளிக்கிழமை இரவில்தான் நடக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நியூ ஜெர்சியில் ஐசலின் பக்கம் இருந்த ஒன்பது வருடமும் இந்த விளையாட்டில் பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. வேலை மாறி இங்கே வந்து, மகன் இர்ஃபான் பள்ளி அணியின் குவார்ட்டர்பேக் ஆன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நாலைந்து தடியன்கள் தன்னைச் சாய்க்க ஓடிவரும்போது, இரண்டு மூன்று விநாடிக்குள் பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவன் குவார்ட்டர்பேக். ஆட்டம் எனக்குப் பிடிபடவில்லை. பட்டியல்கள் பிடிபட்டன. எத்தனை யார்டு எறிந்தார், எத்தனை டச்டவுன், எத்தனை கோப்பை என்று மாபெரும் குவார்ட்டர்பேக்குகளின் வாழ்நாள் சாதனைகளை ரேங்க் கார்டு பார்ப்பதுபோலப் பார்த்தேன். கோப்பைகளைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. வருடக்கணக்கில் ஓர் ஆட்டமும் விடாமல் தொடர்ந்து களமிறங்கியவர்களுக்கென்று ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. மேலப்பாளையத்தில் பள்ளிக்கு ஏழு வருடம் ஒருநாள்கூட லீவு போடாததற்குப் பரிசு வாங்கியவன் நான். எனக்கு அம்மை போட்டது கோடை விடுமுறையில்தான் என்பதை என் வாப்பா இன்றும் அல்லாஹ்வின் தனிக் கருணையாகவே சொல்வார். இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டுச் சாப்பாட்டு மேசையில் இர்ஃபானுக்கு நான் எத்தனை தடவை பிரசங்கம் செய்திருப்பேன் என்று கணக்கில்லை.

சீசன் தொடங்கும்முன் இங்கே ஒவ்வோர் ஆட்டக்காரனும் கணினியில் ஒரு டெஸ்ட் எழுத வேண்டும். சில சொற்களைக் காட்டி மறைத்துவிட்டு, எவை வந்தன என்று கேட்கும். பிறகு உருவங்கள், எண்கள். நல்ல நிலையில் அவன் மூளை எப்படி வேலை செய்கிறது என்று குறித்துவைத்துக்கொள்வதற்காக. பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி எழுதவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதற்குப் படிக்க ஒன்றும் இல்லை, படிக்கவும் கூடாது. ஆனால் டெஸ்ட் என்று காதில் விழுந்த பிறகு நம்மால் சும்மா இருக்க முடியுமா? பத்து நாள் பயிற்சி கொடுத்தேன். சொற்களைக் கதையாகக் கோப்பது, உருவங்களுக்குப் பெயர் வைப்பது என்று நான் பரீட்சைக்குப் படித்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். மாதிரித் தாள்கூடத் தயாரித்தேன். அடிபட்டவர்களைக் கவனிக்கும் ட்ரெய்னர், ஓர் இளம்பெண், அவன் மதிப்பெண்ணைப் பார்த்து அசந்துபோனாள். நான் அதைப் பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நவம்பரில் ஓர் ஆட்டத்தில் இர்ஃபானின் பின்மண்டை தரையில் மோதியது. எழுந்தான், எதிரணி நின்ற பக்கம் நடந்தான். ட்ரெய்னர் உடனே அவனை உட்காரவைத்துவிட்டாள். அடுத்து பிளேஆஃப், தோற்றால் அன்றோடு சீசன் முடிந்தது. முதல் சுற்றை அவன் பெஞ்சிலிருந்து பார்க்க, அணி தட்டுத்தடுமாறி ஜெயித்தது. இரண்டாம் சுற்றுக்குத் தங்கள் அணிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கக் கல்லூரிகளிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. செவ்வாய்க்கிழமை மறு டெஸ்ட். திங்கள் மாலை அவனே என்னிடம் வந்தான்.

"வாப்பா, கேன் வி டூ த வேர்ட்ஸ் அகெய்ன்?"

செய்தோம். மூன்றாவது சொல்லிலேயே நின்றான். ஆகஸ்டில் ஒரே மூச்சில் ஒப்பித்தவன். சமையலறை விளக்கை அணைக்கச் சொன்னான். ஷமீமா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வெளிச்சத்தையே பாக்க முடியல அவனுக்கு. உங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

"டெஸ்ட்டுன்னா டென்ஷன் இருக்கத்தான் செய்யும்" என்றேன். எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். பட்டியல் பிசகாமல் வரும்வரை அவனை விடவில்லை.

பாஸ் ஆனான். டாக்டர் ஒப்புதல் தந்துவிட்டார், பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி என்று ட்ரெய்னர் போன் செய்தாள். புதன்கிழமை மாலை அந்தப் படிவம் என் மடியில் இருக்க, இர்ஃபான் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். எங்கள் தெரு வந்தது. திரும்பாமல் நேராகப் போனான். ஏதோ வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலும் தாண்டியது.

"எங்கப்பா போற?"

"ஹோம்" என்றான், நிதானமாக.

காரை ஓரங்கட்டச் சொல்லி இடம் மாறி உட்கார்ந்தேன். அன்று அந்தச் சாதனைப் பட்டியல்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எத்தனை முறை தரையில் சாய்க்கப்பட்டார்கள் என்பதற்குக்கூட எண் இருக்கிறது. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகும் வழி ஞாபகம் இருந்ததா என்பதற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் காலை ட்ரெய்னரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. வேண்டுமென்றே மதிப்பெண் குறைவாக வாங்கும் பையன்களை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் குறைத்து வாங்கிவிட்டால் அடிபட்ட பிறகு வித்தியாசம் தெரியாதாம்.

"குறைவாக எழுதத்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?"

"இல்லை, கூடுதலாக."

"எதற்கு?"

எதற்கு என்று நான் எங்கிருந்து தொடங்குவது? மேலப்பாளையத்திலிருந்தா? "நாங்கள் அப்படித்தான்" என்றேன். அவள் படிவத்தை வாங்கிக் கிழித்துப்போட்டாள். வேறு டாக்டர் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை அவன் ஆட முடியாது என்றாள். அணி ஜெயித்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த வாரங்களில் பார்க்கலாம் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கலங்கடித்தது. ஜெயிக்கும் ஒவ்வொரு வாரமும் இவன், தனக்கு ஒன்றுமில்லை என்று இன்னொருவரிடம் சாதிக்கப் பார்ப்பான். நான் எத்தனை வாரம் கையெழுத்துப் போடாமல் தாங்குவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வீட்டில் இதைச் சொன்னபோது இர்ஃபான் கத்தவில்லை. "யூ டோல்ட் மீ நெவர் மிஸ் ஒன்" என்றான்.

வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். போகாமலிருக்க முடியவில்லை. ஷமீமா வரவில்லை. மகனின் எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் பள்ளிக்காரர்கள் பக்கம் உட்கார்ந்தேன். கீழே ஓரமாக ஹெல்மெட் இல்லாமல் நின்ற இர்ஃபான், பாண்டு முழங்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டான். என் பக்கத்தில் மாற்று குவார்ட்டர்பேக்கின் தாய். அவர் மகன் நன்றாகவே ஆடினான். கடைசி விநாடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஓர் உதை மிச்சம். கம்பங்களுக்கு நடுவே போனால் வெற்றி, அடுத்த வாரமும் ஆட்டம். போகாவிட்டால் எல்லாம் முடிந்தது.

வரிசையே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ப்ரே வித் மீ" என்றார்.

கண்ணை மூடினேன். யா அல்லாஹ், எங்கள் அணியைத் தோற்கடித்துவிடு என்று கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு மனமுருகி எதையும் கேட்டதில்லை.

"தேங்க் யூ" என்றார் அவர், என் கையை விடாமல். பந்து இன்னும் காற்றில் இருந்தது.