மூன்று வேளையும் தின்ற அணுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சாப்பிட்டாச்சா அக்கா' என்று பெயர். காலை வணக்கமெல்லாம் கிடையாது, நேராகச் சாப்பிட்டாச்சாதான். இல்லை என்று சொல்லிவிட்டு அவளிடமிருந்து தப்பித்தவர் யாருமில்லை. உடம்பைக் குறைக்கச் சபதம் போட்ட பேராசிரியையே ஒரு வாரத்தில் சரணடைந்துவிட்டார்.

வெதுவெதுப்பான பெட்டிக்குள் தட்டுத்தட்டாக வளரும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவற்றுக்கு ஊற்றும் சத்துநீர் இளஞ்சிவப்பாக இருக்கும். அணுக்கள் சர்க்கரையைத் தின்று புளிப்பை வெளியே தள்ளத் தள்ள மஞ்சளாகும். ஒட்டுண்ணி புகுந்த அணுக்களோ சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்கும். அந்தத் தட்டுதான் முதலில் மஞ்சளாகும்.

"உள்ள வந்து உக்காந்தவனுக்கும் சேத்துல்ல திங்க வேண்டியிருக்கு," என்பாள் அக்கா.

ஆய்வு மாணவன் ஒருவன் அப்படிப்பட்ட அணுக்களைச் சர்க்கரையே இல்லாத சத்துநீரில் போட்டான். சுருண்டு சாகுமா, வேறெதையாவது எரித்துப் பிழைக்குமா என்று தெரிய வேண்டும். அவன் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனான்.

திரும்பி வந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கரை இல்லாத தட்டு மஞ்சளாக இருந்தது. அணுக்கள் கொழுகொழுவென்று இருந்தன.

"அக்கா, இத உலகத்துல யாருமே பாத்திருக்க மாட்டாங்க. மேடம்கிட்ட இப்பவே காட்டணும்."

சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் நாலு பேர் முன்னால் அவன் மானம் போகும். பேராசிரியையின் அறை வாசலில் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, ஒரே ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி விட்டேன்."

"எப்போ?"

"மூணு வேளையும்."

அவன் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பட்டினி போடறதுதான் அக்கா பரிசோதனையே."

"உங்களுக்குப் பரிசோதனை. அதுங்களுக்குப் பசி."

பேச்சுக் குரல் கேட்டுப் பேராசிரியை வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் கையிலிருந்த மஞ்சள் தட்டை வாங்கிப் பார்த்தார்.

"மறுபடி முதல்லேருந்து ஆரம்பி," என்றார் அவனிடம். "தட்ட நீயே பாத்துக்க. என்னையே இவங்ககிட்டேருந்து காப்பாத்திக்க முடியல, உன் அணு எந்த மூலைக்கு?"

அவன் கத்துவதற்காக வாயைத் திறந்தான்.

"மூஞ்சியே வாடிக் கெடக்கு," என்றாள் அக்கா. "சாப்பிட்டாச்சா?"

கோபத்தோடுதான் சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.