சுஷிக்காக ஒரு கடற்கரைச் சுற்று: ராஜாக்கமங்கலம் துறை, மணவாளக்குறிச்சி, கோட்டாறு, எங்கள் அடுப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜப்பான் பயணக் கட்டுரை இல்லை. நாகர்கோவிலில் கிளம்பி நாகர்கோவிலிலேயே முடிந்த, சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆட்டோப் பயணம். ஆனால் நானும் என் மகளும் ஜப்பானுக்குப் போகிறோமா இல்லையா என்பது அந்த நாற்பத்தைந்து கிலோமீட்டரில்தான் முடிவாக வேண்டியிருந்தது. போய்வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுதக் கை ஒழிந்தது இப்போதுதான்.

என் கணவர் பிரவீன் ஒசாகா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் போனில், குடும்பத்தோடு இருக்கிற மாதிரி வீடு கிடைக்கும்போல, வருகிறீர்களா இல்லையா என்று மாத முடிவுக்குள் சொல் என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அடுத்த வாக்கியத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் விசாரித்த பாலர் பள்ளியில் மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதானாம். வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோக முடியாதாம்.

எங்கள் ஜெமிக்கு நாலு வயது. அவள் சாப்பிடுவது மூன்று பொருள்: சோறு, மீன் குழம்பு, பப்படம். பப்படம் இல்லையென்றால் மற்ற இரண்டும் கிடையாது. அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அதில் முதலில் நான் வைத்தது துணிமணி இல்லை, பத்துக் கட்டு பப்படம்.

“பத்துக் கட்டு எத்தனை நாளைக்கு ஓடும்?” என்று பிரவீன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “சுஷின்னு சொல்லுவாங்கல்லா, அந்தக் கடற்பாசி சுத்துனது? அதை நம்ம வீட்டுல செஞ்சு தாறேன். பாசியோட ரெண்டே ரெண்டு துண்டு அவ சாப்பிட்டா நாங்க வாறோம். இல்லன்னா ஒண்ணாங்கிளாஸ் சேருத வரைக்கும் இங்கதான்” என்றேன்.

“பிள்ளைக்குப் பரீட்சையா வைக்க?”

“எனக்கு வைக்கேன்.”

அதுதான் உண்மையும்கூட. ஊர் தெரியாத இடத்தில் பிள்ளை பட்டினி கிடந்தால் யாரிடம் போய் எந்தப் பாஷையில் சொல்வேன்?

இனி பயணம். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஆட்டோ ஓட்டியவர் செல்வின் அண்ணன். ஜெமியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவரும் அவர்தான். முழுச் சுற்றுக்கும் காத்திருப்போடு சேர்த்து ஆயிரம் ரூபாய் பேசிக்கொண்டோம். பஸ்ஸிலும் போகலாம், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் மீனும் ஐஸும் சின்னப் பிள்ளையும் கையில் இருந்தால் ஆட்டோதான் சரி.

ராஜாக்கமங்கலம் துறைக்கு சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். கும்பப்பூ போக நெல் அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் தாளடியாகக் கிடந்தது. ஏழு மணிக்குக் கரையில் நின்றபோது மீன்பிடி வள்ளங்கள் அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தன. தாமதமாகப் போகாதீர்கள், நல்லதெல்லாம் எட்டு மணிக்குள் ஏலம் போய்விடும்.

ஒரு அக்கா கேரை மீனை அறுத்து வைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் டியூனா என்பார்களே, அதேதான். செம்பருத்தி நிறத்தில் இருந்தது சதை.

“குழம்பா பிள்ளே, பொரிக்கவா?” என்று கேட்டார்.

“ரெண்டும் இல்லக்கா. சோத்துக்குள்ள வச்சு உருட்டணும்.”

“வேவிச்சா?”

“வேவிச்சுத்தான்.”

“ஜப்பான்ல பச்சையாத் திம்பாவளாம். எங்க கொழுந்தன் கப்பல்ல போனவன், வந்து சொன்னான். இங்க பச்ச மீன எங்க வீட்டுப் பூனைகூட ரெண்டு தடவ மோந்து பாத்துட்டுத்தான் வாய வைக்கும்.”

நீங்களும் அந்தப் பூனையைப்போல இருங்கள். பச்சையாகச் சாப்பிடும் மீனைப் பிடித்ததிலிருந்தே தனியாகக் கடுங்குளிரில் வைத்துப் பக்குவம் செய்கிறார்கள். கரையில் துள்ளுகிற மீன் என்பதற்காக அப்படியே வாயில் போடக்கூடாது. நான் கேரை கால் கிலோவும் இறால் அரைக் கிலோவும் வாங்கினேன், முன்னூற்றைம்பது ரூபாய் ஆயிற்று. ஐஸை அவரே அள்ளிப் போட்டார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆர்வக்கோளாறு, மேலே கடற்பாசி சுற்றப்போவதையும் சொன்னேன்.

“பாசியா? எளவு! அந்தா பாறையில கிடக்கு பாரு. கால வச்சா வழுக்கி இடுப்பு ஒடியும். அதையா வயித்துக்குள்ள விடப்போறிய?”

ஜெமி பாறையைப் பார்த்தாள். பச்சையாக, ஈரமாக, முடியைப்போல அலையில் ஆடிக்கொண்டிருந்தது பாசி. பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, வயித்துக்குள்ள வழுக்குமா?”

“வழுக்காது மக்களே.”

“நான் திங்கமாட்டேன்.”

மணி ஏழே கால். சட்டி அடுப்பில் ஏறுமுன்னே தோற்றுப்போனேன் என்று நினைத்தேன். “எதுக்கு முகத்தைத் தூக்குத?” என்றார் செல்வின் அண்ணன். “நான் திங்கேன் கேட்டியா. எனக்கு ஒரு பிளேட் எடுத்து வை.”

அங்கிருந்து கடற்கரைச் சாலையிலேயே மேற்காக மணவாளக்குறிச்சி. இந்தச் சாலைக்காகவே ஒருமுறை போகலாம். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் திடீர் திடீரென்று எட்டிப்பார்க்கும் கடல், ஊருக்கு ஒரு மாதா கோயில் கோபுரம், வெள்ளையும் நீலமுமாக. வழியில் சாயா குடிக்க நிறுத்தினோம், ரசவடையோடு சேர்த்து மூன்று பேருக்கு எண்பது ரூபாய். மணவாளக்குறிச்சி நெருங்க நெருங்க மணல் கறுத்துக்கொண்டே வரும். ஜெமி இறங்கி அளைந்தே தீருவேன் என்று அடம்பிடித்து, முழங்கால் வரைக்கும் கறுப்புப் பொடி ஒட்ட ஆட்டோவில் ஏறினாள்.

பிரவீனோடு வேலை பார்க்கும் ரெஜின் விடுமுறைக்கு இங்கே வந்திருந்தார். கடற்பாசித் தாள் பொட்டலத்தை அவரிடம்தான் கொடுத்துவிட்டிருந்தார் பிரவீன். ரெஜின் அதைப் பிரித்து ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கார்பன் பேப்பர் மாதிரி கறுப்பு. வெயில் பட்டால் மட்டும் கரும்பச்சை.

“இந்த மண்ணுல செஞ்சதா?” என்று தன் காலைக் காட்டிக் கேட்டாள் ஜெமி. பாசி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

“தாளை வெளிய வச்சா நம்ம கடக்காத்துல உடனே நமுத்துப்போகும்” என்றார் ரெஜின். “செய்யுததுக்கு முன்னால அடுப்புத் தீயில ரெண்டு பக்கமும் காட்டிருங்க. உருட்டுத மூங்கில் பாய்தான் மறந்துட்டேன், மன்னிச்சிருங்க. ஒண்ணு சொல்லட்டா? அங்க பிள்ளைகளுக்குத் தினம் சுஷியெல்லாம் கிடையாது. சோறு, சூப்பு, மீன், காய். ஆனா இந்தத் தாளு வாரத்துல நாலு நாள் ஏதாவதொரு கோலத்துல வந்து நிக்கும்.”

நாலு நாளா! என் வயிற்றில்தான் அப்போது ஏதோ வழுக்கியது.

வெள்ளிச்சந்தை வழியாகத் திரும்பி, பத்தரை மணிக்குக் கோட்டாறு சந்தை. சுஷிக்கு வேண்டியது ஒட்டுகிற அரிசி. இணையத்தில் ஜப்பான் அரிசி கிலோ ஐந்நூறு சொல்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் வீட்டுப் புழுங்கலரிசியில் ஒத்திகை பார்த்தேன். உருட்டி வெட்டியதும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்த மாதிரி தட்டெல்லாம் ஓடியது. அதனால் அரிசிக் கடை அண்ணாச்சியிடம் நேராகக் கேட்டேன்:

“நல்லாக் குழையுத அரிசி இருக்கா?”

“குழையாத அரிசியா?”

“இல்ல, குழையுதது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும்.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “சோறு குழைஞ்சுபோச்சுன்னு சாக்கைத் தூக்கிட்டுச் சண்டைக்கு வாற ஆளுவளத்தான் பாத்திருக்கேன். குழையுததைக் கேட்டு வந்தது நீ ஒருத்திதான். யாருக்கு, சம்பந்தக்காரனுக்கா?”

செல்வின் அண்ணன் வெளியே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனால் அண்ணாச்சி கொடுத்தது சரியான சரக்கு. இந்தக் கும்பப்பூவில் அறுத்த புதுப் பச்சரிசி, கிலோ அறுபது ரூபாய். புது அரிசிக்குப் பசை அதிகம். ஜப்பான் அரிசியைத் தேடி அலையாதீர்கள். அறுவடை முடிந்த கையோடு புதுப் பச்சரிசி வாங்குங்கள்.

பதினொன்றரைக்கு வீடு. சமையலுக்கு வருகிறேன்.

இரண்டு தம்ளர் அரிசியைக் கழுநீர் தெளியும்வரை கழுவி, இரண்டேகால் தம்ளர் தண்ணீரில் மூடி வேகவைத்தேன். வெந்ததும் மூன்று மேசைக்கரண்டி வினிகரில் ஒன்றரைக் கரண்டி சீனி, ஒரு சின்னக் கரண்டி உப்பு கரைத்து, சோற்றில் விட்டுக் கிளறாமல் வெட்டி வெட்டிப் புரட்டினேன். ஓலை விசிறியால் ஜெமி வீசினாள். வீச வீசச் சோறு பளபளத்தது! இறாலையும் கேரையையும் உப்புப் போட்டு வேவித்து, கேரையை உதிர்த்து மிளகும் எலுமிச்சையும் சேர்த்தேன். வெள்ளரிக்காய் ஈர்க்குச்சி கனத்தில்.

பாய்க்கு என்ன செய்ய? வாழையிலையை அனலில் வாட்டினேன். கட்டுச்சோற்றுக்கு வாட்டுவோமே, அதே மாதிரி. சொன்னால் நம்பமாட்டீர்கள், மூங்கில் பாயைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது; வளைகிறது, ஒட்டுவதில்லை. ஒருவாய்க்கு அடங்கவேண்டும் என்பதால் பாசித் தாளைப் பாதியாக வெட்டி, அதன்மேல் சோற்றை மெல்லியதாகப் பரப்பி, மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, நடுவே ஒரே வரிசை இறாலோ கேரையோ, கூடவே ஒரு வெள்ளரிக் கீற்று. இலையைத் தூக்கிச் சுருட்டி ஒரு அழுத்து. முதல் உருளை ஆசையால் கெட்டது. எல்லாவற்றையும் திணித்தேன், வெடித்துவிட்டது. இரண்டாவது நின்றது. கத்தியை நனைத்து நனைத்து வெட்டினால் ஒன்றுக்கு எட்டுத் துண்டு. தட்டில் அடுக்கியதும் எனக்கே கைதட்டவேண்டும்போல இருந்தது. கறுப்புக் கரை வைத்த வெள்ளைப் பொத்தான்கள், நடுவில் ரோஜா நிறத்தில் இறால்!

பிரவீனை வீடியோவில் அழைத்துப் போனைச் செம்பில் சாய்த்து வைத்தேன். சொன்னபடியே செல்வின் அண்ணன் முதல் தட்டை வாங்கினார். ஒரு துண்டை எடுத்தார். நகத்தால் கறுப்பு ஓரத்தைக் கிள்ளிப் பிடித்து, வட்டமாக உரித்து, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சோற்றை வாயில் போட்டார்.

“நல்லாருக்கே!” அடுத்ததையும் உரித்தார்.

“அண்ணா, அதை உரிக்கக்கூடாது!”

“இலைய யாராவது திம்பாவளா பிள்ளே? ஓலைக் கொழுக்கட்டைய ஓலையோடயா திங்கே?”

அவரைக் குற்றம் சொல்லமுடியாது. நம் ஊரில் ஓலைக்குள் வேகிற கொழுக்கட்டை, இலைக்குள் வேகிற அப்பம், இலையில் சுட்ட மீன், எல்லாமே உரித்துத்தான் சாப்பிட வேண்டும். போதாததற்கு நான் வாழையிலையில் வேறு உருட்டியிருக்கிறேன். பிரவீன் போனுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜெமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தட்டை இழுத்தாள். ஒன்றை உரித்தாள், தின்றாள். இன்னொன்று. மூன்று, நான்கு, ஐந்து. ஆறிய சோறு, வினிகர் புளிப்பு, எதற்கும் முகம் சுளிக்கவில்லை. தட்டோரத்தில் கறுப்பு வளையங்கள் ஈரமாகக் குவிந்துகொண்டே போயின. சோற்றுக்குச் சந்தோஷப்படுவதா, பாசிக்கு அழுவதா? பந்தயம் பாசிக்குத்தானே. பிரவீனும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

“பரவாயில்ல விடு. அடுத்த வருசம் பாப்போம்” என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மிச்சம் இரண்டு தாள் திறந்தபடியே கிடந்தது. தொட்டால் துணிபோலத் துவண்டது. வீணாக்க மனமில்லாமல், உருட்டும் அவசரத்தில் மறந்தேபோயிருந்த ரெஜின் சொல்லை நினைத்து, இடுக்கியில் பிடித்துத் தீயில் இரண்டு பக்கமும் காட்டினேன். சடசடவென்று விறைத்தது. தட்டில் வைக்கும்போது ஓரம் நொறுங்கியது.

அந்தச் சத்தம் முன்னறைக்குக் கேட்டிருக்கிறது. ஓடி வந்து நின்றாள் ஜெமி.

“பப்படமா?”

நான் பதில் சொல்லுமுன்னே தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன். அதற்குள் உரித்து வைத்திருந்த மிச்சச் சோற்று உருண்டைகளின் மேல் தாளை வைத்து, குழம்புச் சோற்றில் பப்படத்தை நொறுக்குவாளே, அதேபோல உள்ளங்கையால் ஒரே அமுக்கு. நொறுங்கிய பாசியில் உருண்டையைப் புரட்டி வாயில் போட்டாள். கறுமுறு என்று எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஒன்று. இரண்டு. பிரவீன் போனுக்குள் எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டே, பல்லெல்லாம் கறுப்பாக, “அப்பா, உங்க ஊருல பப்படம் கறுப்பா?” என்று கேட்டாள்.

“ஆமா மக்களே, கறுப்புத்தான்!”

“எட்டி ஜெமி, எனக்கொரு துண்டு தா” என்று கை நீட்டினார் செல்வின் அண்ணன்.

“நீங்க இலைய உரிச்சுத் தின்னுங்க” என்று தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

முயற்சி செய்யப்போகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. சின்னப் பிள்ளைகளுக்குச் சுற்றிய பாசி வேண்டாம். ஈரமானால் ரப்பர்போல இழுத்துத் தொண்டையில் ஒட்டும். தீயில் காட்டி நொறுக்கி, சிறு உருண்டைகளில் புரட்டிக் கொடுங்கள். செய்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், நம் ஊர் வெக்கையில் மீன் காத்திருக்காது. ஆட்டோ நீங்கலாக எங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

அன்றே பிரவீனிடம் வீட்டை உறுதி செய்யச் சொல்லிவிட்டேன். அங்கே ஏதாவது பிடிக்காமல் போனால் என்ன என்று கேட்கிற குரல் எனக்குள் இன்னும் ஓயவில்லை. ஆனால் அதற்கு மேல் சத்தமாக இப்போது ஒரு கறுமுறு கேட்கிறது. ஜூனில் கிளம்புகிறோம். பெட்டியைத் திறந்து பப்படக் கட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டைத் தவிர.