இரண்டு முறை வந்த பதினைந்து

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது ஒரு தேயிலைப் பெட்டியில். எஸ்டேட் ஆபீசுக்குப் புதிய மெஷின் வந்ததும் பழையதை என்ன செய்வதென்று மேனேஜர் துரைக்குத் தெரியவில்லை. அப்பா அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; எதையும் தூக்கிப் போட மனம் வராதவர். வீட்டில் ஓர் ஓரமாகக் கிடக்கட்டும் என்று கேட்டு வாங்கி, பெட்டிக்குள் பழைய சாக்கைத் திணித்து, லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தபின் அதன் பக்கமே அவர் போகவில்லை. தப்பான பொத்தானை அமுக்கினால் அது எப்படியோ ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். அம்மாவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. தையல் மெஷினை அக்கக்காகக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டுகிறவள் அவள். தெலுக் இந்தானில் ஐந்தாம் படிவம் வரை படித்து, கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து, அடுத்த மாதமே கல்யாணமாகிக் கேமரன் மலை ஏறியவள். மெஷினோடு வந்த தடித்த புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்தாள். ஐந்தாவது மாதம் மெஷின் அவள் சொன்னபடி கேட்டது.

இது எண்பதுகளின் நடுவில். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வருடம் எஸ்டேட்டில் ஒரே பேச்சு சிவப்புக் கார்டு பற்றித்தான். இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, பேரப்பிள்ளை எடுத்தவர்கள் பலரிடம் பிறந்ததற்கு ஒரு தாள் கிடையாது. தாள் இல்லாதவர்களுக்குக் குடியுரிமையும் இல்லை. நீலத்துக்குப் பதிலாகச் சிவப்பு அடையாளக் கார்டு. வருடக் கடைசியில் அதிகாரிகள் ரிங்லெட் டவுன் மண்டபத்தில் வந்து உட்கார்ந்து மனு வாங்குவார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் எஸ்டேட்டில் அப்படி நூற்று நாற்பது பேர். யார், எங்கே பிறந்தார், அப்பா அம்மா யார், எந்த எஸ்டேட் பதிவில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, அப்பா கையெழுத்திட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு.

கேட்டு எழுதியது அம்மா. இரண்டு மாதம் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து, துண்டுத் தாளில் குறித்து வந்து மெஷினில் அடித்தாள். ஓர் ஆளுக்கு ஒரு வரி. எல்லா வரியும் ஒரே நீளம். அடித்து முடித்துச் சரிபார்த்த மறுநாள், வீட்டில் குப்பை சேர்வது பிடிக்காத அப்பா அந்தத் துண்டுத் தாள்களையெல்லாம் போட்டுக் குளிக்கிற வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்தார். தாள் நன்றாக எரிந்தது என்று வேறு சொன்னார்.

பட்டியலைத் தாளில் அச்சடிக்கப் போனபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. பிரிண்டர் இரண்டு வரி அடித்துவிட்டு நின்றது. கேபிளை மாற்றிப் பார்த்தாள். பிரிண்டரைத் திறந்து துடைத்தாள். அது அதே இரண்டு வரியோடு நின்றது. கோலாலம்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, கடிதம் போட்டாள்.

மாமாவின் பதில் ஒரு தடித்த உறையில் வந்தது. மெஷினை இயக்குகிற அடிப்படைப் புரோகிராமில்தான் கோளாறு என்று எழுதியிருந்தார். சிஸ்டம் என்பார்கள் அதை. எங்கள் மெஷினில் ஓடிய சிஸ்டம் ஒரு கம்பெனி விற்றதல்ல. பொழுதுபோக்குக்குக் கம்ப்யூட்டர் வைத்திருந்த சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து எழுதியது. எழுதியதை முழுதும் தாளில் அச்சடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், திருத்தினால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இப்போது புதிய பதிப்பு வந்திருக்கிறது, அதில் பிரிண்டர் கோளாறு சரி, மாறிய பகுதி மட்டும் பதினொரு பக்கம், அடித்துக்கொள் என்று முடித்திருந்தார்.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "சும்மா குடுக்குறானா? நமக்கு எதுக்குலா சும்மா குடுக்கணும்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினோம். பக்கம் முழுக்க எண்கள். நான் வாசிக்க, அம்மா அடிப்பாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கூட்டுத்தொகை போட்டிருந்தது. அது எதற்கென்று நான் கேட்கவில்லை. ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தபோது என் தொண்டை வறண்டுவிட்டது. அப்போது பார்த்துக் கீழே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்டது. காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய பன் முதல் ஐந்து வீட்டோடு தீர்ந்துவிடும். எனக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் மூன்று வரி மீதி இருந்தது. நடு வரியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வாசித்துவிட்டு ஓடினேன்.

பன் கிடைத்தது. திரும்பி வந்து மீதி இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தேன். ஆனால் அன்று மாலை மெஷினைப் போட்டபோது திரையில் ஒன்றும் வரவில்லை. பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது. பட்டியல் வேறொரு டிஸ்க்கில் இருந்தது; ஆனால் பழைய சிஸ்டம் இருந்த டிஸ்க்கின் மேல்தான் புதியதை எழுதியிருந்தாள். அவசரத்துக்கென்று பழையதன் நகல் ஒன்றை அலமாரியில் வைத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும் அந்த டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால், மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பூத்திருந்தது. செருப்புக்கும் பூக்கிற பூஞ்சணம், அதற்கு டிஸ்க் என்றால் என்ன?

நான் சாப்பிடாமல் படுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டரும் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. அது அரை மணி நேரம்தான் நீடித்தது. அப்பா ஆபீசிலிருந்து வந்து, தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருமையாக உரக்க வாசிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்திலேயே நின்றார்.

"முனியம்மா பேரு ரெண்டு தடவ வருதே?"

இரண்டாம் பக்கத்தில் வேறொரு பெயர் இரண்டு முறை. இப்படி மொத்தம் ஐந்து பேர் இரட்டையாக வந்திருந்தார்கள். அதற்குப் பதில் ஐந்து பேரைக் காணவில்லை. நான்கு பேரை மறுபடி போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஐந்தாமவர் மேல் லைனில் இருந்த பழைய கங்காணித் தாத்தா. போன வாரம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்து, மகள் தாப்பாவில் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். வாய் பேச முடியவில்லை. அவர் பிறந்த எஸ்டேட் எதுவென்று மகளுக்கும் தெரியாது. கேட்டு எழுதிய அம்மாவோ நூற்று நாற்பது கதைகளைக் கேட்டவள்; எவர் எங்கே பிறந்தார் என்பதெல்லாம் அவளுக்குள் கலந்து போயிருந்தது. பீடோர் பக்கமா, சுங்கை பக்கமா என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

அப்பா தாளை மடித்து மேசையில் வைத்தார். "அஞ்சு வரி தப்புன்னா மத்த வரிய எப்படிம்மா நம்புறது? நான் கையெழுத்துப் போடணும். நாளைக்கு ஒருத்தன் அப்பன் பேரு மாறிப் போச்சுன்னா, நான்தானே பொய் சொன்னவன்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் விட்ட ஒரு வரி, ஐந்து பேரை விழுங்கிவிட்டது. அடுத்த மூன்று நாளும் அதே நினைப்பு. பள்ளிக்கூடத்தில் முனியம்மா பாட்டியின் பேத்தி எனக்கு அடுத்த நாற்காலி. அவள் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தேன். அம்மா அந்த மூன்று நாளும் அடுப்படிக்கும் மெஷினுக்குமாக நடந்தாள். கத்தரிக்காய் நறுக்கும்போது கூட விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பையைக் கூட இறக்காமல் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியை விட்டேன், பன் வாங்க ஓடினேன், எல்லாம் என்னால்தான் என்று அழுதேன்.

அம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள். பிறகு, "அதுவா?" என்றாள். "அது மறுநாள் காலையிலயே தெரிஞ்சிருச்சு பாப்பா. அந்தப் பக்கத்துக் கூட்டு சரியா வரல. டிஸ்க் இல்லாமலே எண்ண வாங்கிக்கிற ஒரு சின்னப் புரோகிராம் மெஷினுக்குள்ளயே இருக்கு, அதுல விட்ட வரியப் போட்டேன், மெஷின் எந்திரிச்சிருச்சு. இது வேற."

"ஏன் திட்டல?"

"பன் தீர்ந்து போயிருமேன்னுதானே ஓடுன. அழாம மூஞ்சியக் கழுவிட்டு வா, ஒரு வேல இருக்கு."

முகத்தைக் கழுவின அந்தத் தண்ணீரின் சில்லிப்பு இன்னும் கையில் இருக்கிறது. என்னால் இல்லை. வேறு என்னவாக இருந்தாலும், என்னால் இல்லை.

அம்மா கண்டுபிடித்தது இதுதான். இரட்டையாக வந்த பெயர்கள் எங்கெங்கோ வரவில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக இருபத்தாறு வரி. நாலு தடவை எண்ணியும் இருபத்தாறு. நான் விளங்காமல் நிற்பதைப் பார்த்து, ஜன்னல் வழியாகக் கீழ் லைனைக் காட்டினாள்.

"டிஸ்க்குல ஒவ்வொரு சுத்தும் ஒரு லைன் மாதிரி. ஒரு லைன்ல இருபத்தாறு கதவு, கதவுக்கு ஒரு ஆளு. மெஷின் வரிசையாப் போகாது, தாண்டித் தாண்டிப் போய்த் தட்டும். எதுக்கப்புறம் எதுன்னு ஒரு அட்டவண இருக்கு. ஒவ்வொரு கதவையும் ஒரே ஒரு தடவதான் தட்டணும். நீ அந்த அட்டவணைய வாசி. ஒண்ணையும் விடாத."

அட்டவணை நாலாம் பக்கத்தில் இருந்தது. நான் விரலை வைத்து வாசித்தேன். ஒன்று, ஏழு, பதின்மூன்று. அம்மா ஒரு தாளில் ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை எழுதி, நான் சொல்லச் சொல்லக் கோடு போட்டு வந்தாள். மூன்று, ஒன்பது, பதினைந்து, பதினைந்து, இரண்டு...

பென்சில் நின்றது. "ரெண்டு தடவ வாசிக்கிற."

"இல்லம்மா. ரெண்டு தடவ இருக்கு."

ஒன்பதாம் பக்கத்தில் நான் செய்த காரியத்துக்குப் பிறகு அவள் என்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. எழுந்து வந்து என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். பதினைந்து இரண்டு முறை இருந்தது. அவளுடைய தாளில் இருபத்தொன்றுக்கு மட்டும் கோடு இல்லை. சங்கத்துக்காரர்கள் எழுதும்போதே பிழையாக எழுதி, பிழையாகவே கூட்டியும் இருந்தார்கள். அதனால்தான் கூட்டுத்தொகை காட்டிக் கொடுக்கவில்லை. டிஸ்க்கில் எதுவும் அழியவில்லை. ஒவ்வொரு லைனிலும் இருபத்தோராம் கதவுக்குப் பின்னால் ஒருவராக அவர்கள் ஐந்து பேரும் பத்திரமாக இருந்தார்கள். மெஷின்தான் அங்கே போகாமல், பதினைந்தையே மறுபடி தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பதினைந்தை இருபத்தொன்றாக மாற்றினாள். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. மெஷினை அணைத்துப் போட்டு, பட்டியலைத் திரையில் ஓடவிட்டாள். அப்பாவும் வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் எங்கள் பின்னால் நின்றார். முனியம்மா ஒரே முறை வந்தார். இரண்டாம் பக்கத்திலும் இரட்டை இல்லை. கங்காணித் தாத்தாவின் வரி வந்தது. பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். பிறந்தது பீடோரும் இல்லை, சுங்கையும் இல்லை. சித்தியவானுக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர் எஸ்டேட்.

அம்மா அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, நூற்று நாற்பது வரியையும் ஒன்று விடாமல் உரக்க வாசித்தார். ஒவ்வொரு பத்துக்கும், "சரிலா... சரியாத்தான் இருக்கு" என்று எங்களுக்கில்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு வடிக்கவில்லை. அப்பாவே டவுனுக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தார்.

கங்காணித் தாத்தா பிறந்த எஸ்டேட்டுக்கு அப்பா மறுநாளே எழுதினார். பழைய பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. பட்டியல் ரிங்லெட் மண்டபத்துக்கு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் நீலக் கார்டு வந்துவிடவில்லை. ஆனால் தாத்தாவுக்கு வந்தது. மகள் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்து அதை அம்மாவிடம் காட்டிவிட்டுப் போனாள்.

அம்மா சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். எத்தனையாம் பக்கம், எந்த எண், ஏன் தப்பு, எப்படித் தெரிந்தது என்று ஒரு பக்கம். அடியில் வழக்கம்போல் தன் பெயருக்கு முன்னெழுத்து மட்டும் போட்டு, பின்னால் என் அப்பா பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். சில மாதம் கழித்து அடுத்த பதிப்பு வந்தது. இம்முறை மாமா வழியாக வராமல் நேரே எங்கள் விலாசத்துக்கே வந்தது. அட்டவணையில் பதினைந்து ஒரு முறைதான் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், இந்தப் பிழையைக் கண்டு திருத்தியவர் கேமரன் மலையிலிருந்து மிஸ்டர் இன்னார் என்று போட்டிருந்தது. கூட இருந்த கடிதமும் 'அன்புள்ள ஐயா' என்றே தொடங்கியது. தங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் சங்கம் நடக்கிறது, இனி ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடுவதற்கு முன்பே அனுப்புகிறோம், பார்த்துச் சொல்லுங்கள் என்றது.

அப்பாவுக்கு மீசை துடித்தது. "மிஸ்டரா? நான் என்னத்தத் திருத்துனேன்? ஒரு கடிதாசி போட்டு, நான் பொம்பளதான்னு எழுது. அடுத்ததுல மாத்திப் போடுவான்."

அம்மா தாள்களை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுதலாம்ங்க. எழுதினப்புறம் அனுப்பறத நிறுத்திட்டாங்கன்னா?"

நான் அதை நல்ல வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். முதல் பக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்து, வாசி என்றாள்.